பழுப்பு கிளிசரினை வெளுப்பது எப்படி? கரி போட்டும் பெராக்சைடு போட்டும் நிறம் திரும்ப வந்துவிடுகிறது

அம்பர்நாத்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அம்பர்நாத்தில் சின்னதாக ஒரு பயோடீசல் யூனிட் வைத்திருக்கிறேன். ஹோட்டல்களிலும் ஃபர்சாண் (காரப் பலகாரம்) கடைகளிலும் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி, மெத்தனாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து டீசலாக்குகிறோம். டீசல் விற்றுவிடுகிறது. அடியில் தங்கும் கச்சா கிளிசரின்தான் தலைவலி. 200 லிட்டர் டிரம் ஆறு நிற்கிறது, எல்லாம் காபி டிகாக்‌ஷன் நிறம்.

பிவண்டியில் ஒருவர் கை லோஷனுக்குக் கேட்கிறார். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தால் மருந்துத்தர விலையே தருவேன் என்கிறார். அதனால் ஒரு டிரம்மில் முயன்று பார்த்தேன். பேட்டரி ஆசிட் ஊற்றி பி.எச். 3 வரை இறக்கினேன். மேலே மிதந்த கறுப்பு எண்ணெயை எடுத்துவிட்டு, மிச்சத்தை டிரம்மில் ஒரு வாரம் தெளியவிட்டேன். அப்புறம் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கரி (நிறத்தை உறிஞ்சும் கரி) 2 சதவீதம் போட்டு துணியில் வடிகட்டினேன். நிறம் கொஞ்சம் குறைந்தது, இஞ்சி டீ அளவுக்கு. 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் விட்டதும் கரும்புச்சாறு மாதிரி அழகான மஞ்சளாக ஆனது. சந்தோஷமாக இருந்தது. தண்ணீரை விரட்ட அடுப்பில் ஏற்றினேன், அரைமணி நேரத்தில் பழைய பழுப்பு. பழையதைவிடக் கறுப்பு என்றே சொல்ல வேண்டும். கண்ணை எரிக்கும் ஒரு நெடி வேறு.

எந்த ரசாயனம் போட்டால் நிறம் நிரந்தரமாகப் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராவி 90 அடி ரோடு

அண்ணாச்சி, பெராக்சைடு பலம் பத்தவில்லை போல. பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பொட்டாசியம் பர்மாங்கனேட். எங்கள் தெருவில் தோல் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா வெளுப்பதற்கு அதைத்தான் வைத்திருப்பார். கொஞ்சமாகப் போட்டால் கறை எல்லாம் எடுத்துவிடும்.

பழைய சோப்புக்காரர்

இதை முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பர்மாங்கனேட்டைக் கிளிசரின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அந்தப் படிகங்களின் மேல் கிளிசரின் விழுந்தால் தீக்குச்சியே வேண்டாம். சில நொடியில் புகையும், அப்புறம் ஊதா நிறச் சுவாலையோடு பற்றிக்கொள்ளும். பள்ளி ஆய்வகங்களில் சிட்டிகை அளவில் செய்து காட்டுகிற சோதனைதான் அது. தம்பி, உங்கள் ஷெட்டில் மெத்தனாலும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நைட்ரிக் அமிலமும் அதே மாதிரி: ஆசிட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தந்தாலும் வாங்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். தூளாகக் கிளிசரினில் பட்டால் அதுவும் சூடேறித் தீப்பிடிக்கலாம். கரைசலாக விட்டாலும் அதில் உள்ள குளோரின் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். வெளுப்பதற்குப் போட்டதை வெளியே எடுக்க இன்னொரு வேலை பார்க்க வேண்டிவரும்.

அம்பர்நாத் தம்பி, மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆசிட் விட்ட பிறகு தெளியவைத்த டிரம் இரும்பா, பிளாஸ்டிக்கா? அடுப்பில் ஏற்றும்போது பி.எச். எவ்வளவு? மெத்தனாலை எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள்?

அம்பர்நாத்காரன்

ஐயா, இரும்பு டிரம்தான். உள்ளே பெயிண்ட் உரிந்திருந்தது. பி.எச். அப்படியே 3-இல்தான் இருந்தது, திரும்ப ஏற்றவில்லை. மெத்தனாலைத் தனியாக எடுக்கவில்லை, கொதிக்கும்போது போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

பழைய சோப்புக்காரர்

அப்படியானால் உங்கள் கதை முழுக்க அந்த டிரம்மில்தான் இருக்கிறது.

நான் மும்பையில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் கிளிசரின் பிரிவில் 31 வருடம் இருந்தேன். அங்கே சேர்ந்த முதல் வாரம் எங்கள் ஃபோர்மேன் சொன்னது: நிறத்தைத் தேடிப் போகாதே, நிறம் எங்கிருந்து வந்தது என்று தேடு. உங்கள் விஷயத்தில் அது மூன்று இடத்திலிருந்து வருகிறது. பொரித்த எண்ணெயிலிருந்து வந்த பழைய நிறம் ஒன்று. இதில் பெரும்பகுதி சோப்போடும் கொழுப்பமிலத்தோடும் ஒட்டியிருக்கும். இரண்டாவது இரும்பு. கச்சா கிளிசரின் காரமாக இருக்கும் வரை இரும்பு டிரம்மை அவ்வளவாகத் தின்னாது. பி.எச். 3-க்கு இறக்கி அதே டிரம்மில் ஒரு வாரம் வைத்தால் இரும்பு கரைந்து உள்ளே வந்துவிடும். துருவோ, இரும்போ, கிளிசரின் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது நீங்களே உண்டாக்கியது. கரைந்த இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் அது வெறும் வெளுப்பான் இல்லை. ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் 1894-இல் டார்டாரிக் அமிலத்தை வைத்து விவரித்த வினை அது. இரும்பு இருந்தால் பெராக்சைடு மூர்க்கமாகிவிடும், கிளிசரினையே தாக்கிக் கிளிசரால்டிஹைடு மாதிரியான பொருள்களாக மாற்றும். அந்த நேரத்தில் பார்க்க மஞ்சளாக, அழகாக இருக்கும். சூடு பட்டதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்தும், பலகாரத்திலிருந்து வந்த புரதத் துணுக்குகளோடு சேர்ந்தும் பழுப்பாகிவிடும். வெங்காயம் சிவக்கிறதே, அதே வகை வேலை.

கண்ணை எரித்தது அக்ரோலின். கிளிசரினை அமிலத்தோடு காய்ச்சினால் தண்ணீர் கழன்று அது உண்டாகும். எண்ணெய்ச் சட்டி தீய்ந்தால் வருமே, அந்த நெடிதான். நுரையீரலுக்குக் கெடுதல், தயவுசெய்து அந்தப் புகையில் நிற்காதீர்கள். மெத்தனாலைத் திறந்த சட்டியில் விரட்டியது அதைவிட ஆபத்து. அடுப்பு நெருப்பில் மெத்தனால் பற்றினால் பகலில் சுவாலை கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அம்பர்நாத்காரன்

ஐயா, படித்துவிட்டு ஷெட்டுக்குப் போய் அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிசரின் நின்ற மட்டம் வரை உள்சுவர் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது, அதற்கு மேலேதான் துரு. துரு எங்கே போனது என்று இப்போது புரிகிறது.

சரி, முதலிலிருந்து எப்படிச் செய்ய வேண்டும்?

பழைய சோப்புக்காரர்

எங்கள் தொழிற்சாலை முறை வேறு, ஆனால் வரிசை ஒன்றுதான், அதனால் சொல்கிறேன். சோப்புக் காய்ச்சி உப்புப் போட்டுப் பிரித்ததும் அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரை நாங்கள் லை என்போம். கிளிசரின் அதில் மிகக் கொஞ்சம்தான், மீதி உப்பும் தண்ணீரும் சோப்பு மிச்சமும். ஆசிட் விட்டு, படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போடுவோம். கரைந்திருக்கும் சோப்பு அலுமினியத்தோடோ இரும்போடோ சேர்ந்து கரையாத சேறாக இறங்கிவிடும், கூடவே நிறத்தையும் பிசினையும் இழுத்துக்கொள்ளும். ஃபில்டர் பிரஸ்ஸில் (அழுத்தி வடிகட்டும் இயந்திரம்) ஓட்டிய பிறகு காஸ்டிக் விட்டு, மிஞ்சிய உலோகத்தையும் இறக்கி இன்னொரு முறை வடிகட்டுவோம். பிறகு ஆவியாக்கி உப்பைப் பிரித்து, 80 சதவீதக் கச்சா கிளிசரின். அதற்குப் பிறகு வேக்குவத்தில் வடித்தல், அதாவது காற்றை உறிஞ்சிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது. கரி கடைசியில்தான் வரும். அது வரும் நேரத்தில் கிளிசரின் ஏற்கெனவே வெளிர் மஞ்சளாக இருக்கும்.

நீங்கள் கரியை முன்னால் போட்டீர்கள். சோப்பும் கொழுப்பமிலமும் கரியின் துளைகளை அடைத்துவிட்டால் அப்புறம் நிறத்துக்கு அங்கே இடமேது?

உங்களுக்கு நான் சொல்வது: மெத்தனால் உள்ளே இருக்கும்போதே ஆசிட் விடுங்கள். அது இருந்தால்தான் கிளிசரின் இளக்கமாக இருக்கும், உப்பும் நன்றாக இறங்கும். பக்கத்தில் நெருப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் கேன்தான். நீங்கள் பொட்டாசியம் காரம் போடுவதால் பாஸ்பாரிக் அமிலம் பொருத்தம். விலை கூடுதல்தான், ஆனால் இறங்கும் பொட்டாசியம் பாஸ்பேட் உரம். கழுவி, மெத்தனால் போக உலர்த்தினால் நர்சரிக்காரர்கள் வாங்குவார்கள். நீங்கள் ஊற்றிய பேட்டரி ஆசிட், அதாவது கந்தக அமிலமும் வேலை செய்யும், பொட்டாசியம் சல்பேட்டும் நன்றாகவே இறங்கும், அவசரப்பட்டு ஊற்றினால் கருகும். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம். குளோரைடு கரைந்தே நிற்கும், பின்னால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும்.

மெதுவாகக் கலக்கிக்கொண்டே 4.5-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒரு நாள் விடுங்கள். மூன்று அடுக்காகப் பிரியும். மேலே கொழுப்பமிலம், நடுவில் கிளிசரினும் மெத்தனாலும், அடியில் உப்பு. நடுவில் உள்ளதை எடுத்து, சூடு காட்டும் முன்னால் காரம் விட்டு 6.5, 7-க்கு ஏற்றிவிடுங்கள். இந்த ஒரு வரியை விட்டதால்தான் உங்கள் டிரம் போனது.

மாட்டுங்கா எண்ணெய் மாணவன்

சார் சொன்ன வரிசையோடு கரி பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், என் படிப்பே எண்ணெய்த் தொழில்நுட்பம்தான்.

அண்ணா, கரி வாங்கும்போது கடைக்காரர் அயோடின் எண் 1000 என்று சொல்லியிருப்பார். அந்த எண் மிகச் சின்னத் துளைகளின் கணக்கு. சிரட்டைக் கரியில் அந்த நுண்துளைகள்தான் அதிகம், குடிநீருக்கும் வாயுவுக்கும் அருமையானது. நிறம் தரும் மூலக்கூறுகள் பெரியவை, அவை அந்தத் துளைக்குள் நுழையவே முடியாது. மரத்தூளிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் போட்டுச் செய்யும் கரியில் நடுத்தரத் துளைகள் அதிகம், நிறம் எடுக்க அதுதான். வாங்கும்போது அயோடினைக் கேட்காமல் மெத்திலீன் புளூ அல்லது மொலாசஸ் எண்ணைக் கேளுங்கள். அமிலத்தில் கழுவிய கரியாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரியின் சாம்பலிலிருந்தே இரும்பு வரும்.

அப்புறம் சூடு. சுத்தக் கிளிசரின் 20 டிகிரியில் 1,400 சென்டிபாய்ஸ் தடிப்பு. 60 டிகிரியில் 81. 80 டிகிரியில் 32. குளிர்ந்த கிளிசரினில் கரியைப் போட்டு ஒரு வாரம் வைத்தாலும் நிறம் கரிக்குப் போய்ச் சேராது, அவ்வளவு கெட்டி. சம அளவு தண்ணீர் கலந்து 70 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினால் போதும், துணியிலும் சுலபமாக இறங்கும். தண்ணீரைப் பிறகு எடுக்கும் செலவு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தின் வேர் உங்கள் கொள்முதலில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 2018 ஜூலையிலிருந்து, மொத்தத் துருவப் பொருள் (திரும்பத் திரும்பப் பொரிப்பதில் சேரும் சிதைவுப் பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. உங்களிடம் வருவது அந்த வரம்பை ஒட்டிய அல்லது தாண்டிய எண்ணெய். வினைக்கு முன்பே நன்றாக வடிகட்டி, சூடாக்கித் தெளியவைத்தால் புரதமும் மாவுத் துகளும் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பழைய சோப்புக்காரர்

கரி பற்றித் தம்பி சொன்னது சரி. வடிகட்டும்போது ஒன்று கவனியுங்கள். முதலில் வரும் சொட்டு எப்போதும் சாம்பல் நிறம், கரித்தூள் துணியைத் தாண்டி வரும். டயட்டமைட் மண்ணை (வடிகட்ட உதவும் நுண்துளை வெள்ளை மண்) துணியில் முதலில் ஒரு பூச்சாகப் படியவைத்து, முதல் இரண்டு வாளியைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். நாங்கள் பிரஸ் குழாயின் வாயில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்துப் பார்ப்போம். தட்டில் விழும் சொட்டைச் சுற்றி வளையம் இல்லாமல் இருந்தால்தான் தொட்டிக்குத் திருப்புவோம்.

வடகாடி

மஸ்ஜித் பந்தரில் ரசாயன வியாபாரம். வாங்குபவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். அடர்த்திமானியை முக்கி 1.26 காட்டுகிறது, சுத்தக் கிளிசரின் என்று கொண்டுவருகிறார்கள். உப்பு கரைந்திருந்தாலும் அடர்த்தி ஏறும். 80 சதவீதச் சரக்கு, உப்போடு சேர்ந்து சுத்தச் சரக்கு மாதிரி நடிக்கும். நாங்கள் முதலில் பார்ப்பது சாம்பல்தான். பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) எடைபோட்டு எரித்தால் சுத்தக் கிளிசரின் கிட்டத்தட்ட எதையும் மிச்சம் வைக்காது. வெள்ளையாக மேலோடு தங்கினால் அது உப்பு. கரி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது.

மழைக்காலத்தில் டிரம் மூடியை இறுக்கி வையுங்கள். ஜூலையில் ஒரு வாரம் திறந்து கிடந்த சரக்கு காற்றிலிருந்து தண்ணீர் குடித்து எடை கூடியிருக்கும், தரம் இறங்கியிருக்கும்.

செம்பூர் மருந்துத்தரம்

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் பிவண்டிக்காரரைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பேசத்தான் வந்தேன்.

தம்பி, மருந்துத்தரம் என்பது நிறத்தின் பெயர் இல்லை. 1986-இல் இதே மும்பையில் ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கிளிசரின் கொடுத்தார்கள். அதில் டையெத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கரைப்பான் கலந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லென்டின் ஆணையம் அதை விசாரித்தது. தொழிற்சாலைச் சரக்கு மருந்துச் சரக்காக நோயாளியின் வாய் வரை எப்படிப் போனது என்பதுதான் அந்த விசாரணை முழுவதும். டையெத்திலீன் கிளைகாலுக்கும் நிறமில்லை, இனிக்கும், பிசுபிசுக்கும். கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது.

மருந்துத் தர நூல்கள் (பார்மகோபியா) இன்று அதற்கு வைத்திருக்கும் வரம்பு 0.1 சதவீதம். எத்திலீன் கிளைகாலுக்கும் அதே. வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஒவ்வொரு சரக்கையும் பார்த்த பிறகே உள்ளே விடுகிறோம். உங்கள் சரக்கில் அவை இருக்காது என்றே வைத்துக்கொள்வோம், மெத்தனால் இருக்கும். பொரித்த எண்ணெயின் சிதைவுப் பொருள்கள் இருக்கும். கை லோஷன் என்று வாங்குகிறவர் அதை யாருக்கு விற்பார், அவர் எதில் கலப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. மருந்தும் அழகுசாதனமும் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை, உரிமமில்லாமல் அந்தப் பெயரில் தயாரித்து விற்க முடியாது. நீங்கள் வெளுக்க வெளுக்கத்தான் அது தவறான கைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. பழுப்பாக இருந்தால் யாரும் குழந்தை மருந்தில் ஊற்ற மாட்டார்கள்.

அம்பர்நாத்காரன்

அக்கா, இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் முன்பணம் தருகிறேன் என்று போனவாரம்தான் சொன்னார். நிறம் ஒன்றுதான் தடை என்று நினைத்து இரண்டு மாதம் ஓடியிருக்கிறேன்.

உண்மையாகவே மருந்துத்தரம் வரை கொண்டுபோக என்ன வேண்டும்? என் ஷெட்டில் முடியுமா?

மாட்டுங்கா எண்ணெய் மாணவன்

அண்ணா, வடித்தல் இல்லாமல் முடியாது. கிளிசரின் சாதாரண அழுத்தத்தில் 290 டிகிரியில் கொதிக்கும், ஆனால் 200 தாண்டும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து பாலிகிளிசரால் ஆகும், அக்ரோலினும் வரும். அதனால் ஆழ்ந்த வேக்குவம். பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்கு இறக்கினால் 167 டிகிரியில் கொதிக்கிறது. அந்த வேக்குவத்தைப் பெரிய பாத்திரத்தில் பிடித்து வைக்க பம்ப், நீராவி, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். அயனிப் பரிமாற்றப் பிசின் இன்னொரு வழி. தண்ணீர் கலந்து இளக்கி ஓட்டினால் உப்பும் நிறத்தில் ஒரு பகுதியும் போகும். கச்சாவில் உள்ள அளவு உப்புக்கு அது தாங்காது, சீக்கிரம் தீர்ந்துவிடும். கொழுப்பமில மிச்சம் பட்டால் பிசின் பாழ். மாதம் நாலைந்து டிரம்முக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது என்றுதான் நினைக்கிறேன்.

தாராவி 90 அடி ரோடு

சோப்புக்கார ஐயாவுக்கு நன்றி. பர்மாங்கனேட் விஷயம் எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம் இன்றே சொல்லிவிட்டேன், பட்டறையில் பர்மாங்கனேட்டும் கிளிசரினும் ஒரே அலமாரியில் இருந்தது. இப்போது தனித்தனி அறை.

அம்பர்நாத்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதுச் சரக்கில் 5 லிட்டர் எடுத்து ஐயா சொன்ன வரிசையில் செய்தேன்.

பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். பேப்பரில் 4.5 வந்ததும் நிறுத்தினேன். காலையில் கேனை வெளிச்சத்தில் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. மேலே தார் மாதிரி கறுப்பு அடுக்கு, ஒன்றரை லிட்டர் இருக்கும். நடுவில் உள்ளது தேன் நிறம். அடியில் கற்கண்டைப் பொடித்துப் போட்ட மாதிரி வெள்ளை. கரி ஒரு சிட்டிகைகூடப் போடாமல் நிறத்தில் முக்கால்வாசி மேலடுக்கோடு போய்விட்டது. 7-க்கு ஏற்றி, கண்டென்சர் வைத்து மெத்தனாலைப் பிடித்தேன், அதை அடுத்த டீசலுக்கே எடுத்துக்கொள்ளலாம். மாணவத் தம்பி சொன்ன மரத்தூள் கரி 1 சதவீதம், 70 டிகிரி, ஒரு மணி நேரம். முதல் இரண்டு குவளையைத் திரும்ப ஊற்றினேன். தட்டில் வளையம் இல்லை. தண்ணீரை மெதுவாக நீராவித் தொட்டியில் எடுத்த பிறகும் நிறம் ஏறவில்லை. வெளிர் மஞ்சள், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் மாதிரி நிற்கிறது, பத்து நாளாக அப்படியே.

வடகாடி அண்ணன் சொன்னபடி 10 கிராம் எரித்தேன். மூசையில் 0.4 கிராம் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. 4 சதவீத உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் இவ்வளவு உள்ளே இருந்திருக்கிறது.

பிவண்டிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நிறம்தான் வந்துவிட்டதே என்றார். மூசையைப் படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை.

வடகாடி

4 சதவீதம் உங்கள் அளவு யூனிட்டுக்கு நல்ல வேலை. கச்சாவை வாங்கி வடிக்கும் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன, அவர்களுக்குத் தேவை உப்பும் சோப்பும் குறைந்த சரக்கு. நிறத்தைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதே இல்லை. கரிக்குச் செலவழிக்காதீர்கள். ஆசிட், நடுநிலை, மெத்தனால் எடுப்பது, இந்த மூன்றோடு நிறுத்திச் சாம்பல் கணக்கோடு மாதிரி கொண்டுவாருங்கள்.

செம்பூர் மருந்துத்தரம்

டிரம்மில் எழுதும்போது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும், உணவுக்கும் மருந்துக்கும் உடம்பில் பூசவும் அல்ல என்று தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். டிரம்மின் உடம்பில்.

பழைய சோப்புக்காரர்

தம்பி, மனசு நிறைந்தது. அந்தக் கெட்டுப்போன முதல் டிரம்மைக் கொட்டிவிடாதீர்கள். காரம் விட்டு 8 வரை ஏற்றினால் இரும்பில் பெரும்பகுதி துருநிற வண்டலாக இறங்கும், வடிகட்டி மற்ற கச்சாவோடு சேர்த்துவிடலாம். பிளாஸ்டிக் கேனில் செய்யுங்கள். அந்த இரும்பு டிரம்மில் இனி டீசல் மட்டும்.

அம்பர்நாத்காரன்

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் ஐயா. அந்த டிரம்மில் பெயிண்டால் டீசல் என்று எழுதிவிட்டேன், உடம்பில்தான்.